சப்ரகமுவத் தோட்டங்களில் திட்டப் பின்மதிப்பீடு

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில் அடங்கும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வீடமைப்பு, குடிநீர், சுகாதாரம், கல்வி ஆகியவற்றுக்காக நடைமுறைப்படுத்தப்பட்ட அபிவிருத்தித் திட்டங்களை, அவை முடிவுற்ற பின் ஆராய்ந்து, கிடைத்த படிப்பினைகளை அடுத்த திட்டத்துக்குக் கொண்டுசெல்ல எடுக்கப்பட்ட முயற்சிகளின் வரலாறு இது. மதிப்பீட்டு அறிக்கைகளுள் பெரும்பாலானவை நாட்டின் பெருந்தோட்டங்கள் அனைத்தையும் ஒரே தொகுதியாகக் கொண்டவை. நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்கு அவற்றில் பக்கங்கள் கிடைக்கும். இரத்தினபுரியும் கேகாலையும் அட்டவணையின் வரிகளாக வந்துபோகும். ஆகவே இங்கே தரப்படும் செய்திகளிற் பல, நாடு தழுவிய பதிவுகளிலிருந்து இவ்விரு மாவட்டங்களுக்குப் பொருந்துவனவாகப் பிரித்தெடுக்கப்பட்டவை.

நிலமும் மக்களும்

கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, ருவன்வெல்ல, புலத்கொஹுபிட்டிய ஆகிய இடங்களைச் சூழவும், இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை, குருவிட்ட, எகலியகொட ஆகிய இடங்களைச் சூழவும் தோட்டங்கள் பரந்துள்ளன. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய இருப்புப்பாதை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. தேயிலையும் இறப்பரும் அதன் வழியே கொழும்புக்குப் போயின.

மத்திய மலைநாட்டோடு ஒப்பிடுகையில் இப்பகுதிக்குச் சில தனித்தன்மைகள் உண்டு. தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. கிராமத்திலிருந்து நாட்கூலிக்கு வருவோரும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் குடியிருப்போரும் ஒரே மலையில் வேலை செய்கின்றனர். ஒரே தோட்டத்தில் மேற்பிரிவில் தேயிலையும் கீழ்ப்பிரிவில் இறப்பரும் இருப்பது வழமை. இறப்பரில் பால் வெட்டு விடியற்காலையில் தொடங்கும். மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை, கூலியும் குறையும். நாட்டிலேயே அதிக மழை பெறும் பகுதிகளுள் இதுவும் ஒன்று என்பதால், கொழுந்து பறிக்கும் தேயிலை மலைக்கென வகுக்கப்பட்ட திட்டம் பால் வெட்டும் இறப்பர் மலைக்கு அப்படியே பொருந்துவதில்லை. பிற்கால மதிப்பீடுகளைப் படிக்கையில் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருப்பது நல்லது. அறிக்கைகள் தாமாக அதை நினைவூட்டுவதில்லை.

குடியேற்ற ஆட்சிக் காலம்

முடிந்த பணியைத் திரும்பப் பார்ப்பதென்ற எண்ணம் இலங்கைத் தோட்டங்களில் முதன்முதல் தெளிவாகத் தென்படுவது கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்திலாகும். அமெரிக்காவின் ராக்பெல்லர் மன்றம் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் இதைத் தொடங்கியது. தொழிலாளரின் மலம் சோதிக்கப்பட்டு, புழு கண்டவர்களுக்குக் கீனோபோடியம் எண்ணெய் போன்ற மருந்துகள் கொடுக்கப்பட்டு, பேதிக்கும் கொடுக்கப்பட்டது. மருந்துண்ட நாளில் வேலைக்குப் போக இயலாது. கூலி போகும் என்று தொழிலாளரும், வேலை கெடும் என்று தோட்டத்தை நடத்திய துரைமாரும் முணுமுணுத்தனர். ஆயினும் எண்ணிக்கையளவில் இயக்கம் வெற்றியாகவே தோன்றியது.

சிகிச்சை பெற்றவர்களை மறுபடி சோதித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. லயங்களில் கக்கூசு இல்லை. மக்கள் தேயிலைச் செடிகளுக்கிடையே ஒதுங்கினர்; அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்தனர்; புழு திரும்பவும் தொற்றியது. மருந்து மட்டும் கொடுப்பது வீண், மலசலகூடம் முதலில் வேண்டும் என்ற முடிவுக்கு இயக்கத்தை நடத்தியவர்கள் வந்தனர். இந்தப் படிப்பினை காகிதத்தோடு நின்றுவிடவில்லை. தோட்டங்களில் மலசலகூடம் கட்டுவதை அரசு வலியுறுத்தத் தொடங்கியது. மன்றமும் ஒற்றை நோயை விரட்டுவதை விட்டுப் பொதுச் சுகாதாரப் பணிக்குத் திரும்பியது. 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு இந்த மாற்றத்தின் விளைவாகக் கருதப்படுகிறது. சோம ஹேவா இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 1995இல் நூலாக்கியுள்ளார். தொழிலாளரின் உடல்நலன் காக்கவே இவ்வியக்கம் வந்ததா, தோட்டத்துக்காக அவர்களின் வேலைத்திறனைக் காக்கவா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்திருக்கவில்லை. ஆனால் முடிந்ததென்று மூட்டை கட்டாமல் அதே லயத்துக்குத் திரும்பிப் போய்ச் சோதித்தார்கள் என்பது இன்றும் பாராட்டத்தக்கது.

1923 முதல் இந்திய அரசு தன் முகவர் ஒருவரைக் கண்டியில் அமர்த்தியது. அவரது ஆண்டறிக்கைகள் கூலி, வீடு, மருத்துவம், பள்ளி ஆகியவற்றை வருடந்தோறும் பதிவு செய்தன. அவை திட்ட மதிப்பீடுகள் அல்ல. எனினும் ஒரே குறையை ஆண்டுக்கு ஆண்டு பின்தொடர்ந்து எழுதும் பழக்கம் அவற்றில் உண்டு. 1934-35இன் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. அதன் நிவாரணப் பணி பற்றிய அரசாங்க அறிக்கைகளில் கிராமங்களே முதன்மை பெறுகின்றன.

1948 முதல் 1984 வரை

இக்காலத்துக்குரிய பின்மதிப்பீடுகள் மிகச் சில. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, பெரும்பகுதி ஜனவசம என்னும் அரச நிறுவனத்துக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் சென்றது. 1970களின் நடுப்பகுதியில் உணவுத் தட்டுப்பாட்டால் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1977, 1981, 1983 வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டங்கள் பலமுறை தாக்கப்பட்டன. குறிப்பாக 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டம் பாதிக்கப்பட்டது. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் பெயர்ந்தனர். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டில் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் பிற இடங்களிலும் மறுவாழ்வுத் திட்டங்கள் அமைந்தன.

திட்டம் தொடங்கும்போது லயத்தில் இருந்த குடும்பம் திட்டம் முடியும்போது அங்கே இல்லை என்பது இக்காலத்தின் பொதுநிலை. தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் ஒப்பிட்டே மதிப்பிட முடியும் என்பதால், இடப்பெயர்வு அளவுகோலையே கலைத்துவிட்டது.

1984இல் நெதர்லாந்து உதவியுடன் இரத்தினபுரி ஒருங்கிணைந்த கிராமிய அபிவிருத்தித் திட்டம் ஆரம்பமானது. மாவட்டம் முழுவதற்குமான திட்டம் என்று பெயர் இருந்தாலும், இத்தகைய திட்டங்களில் தோட்டங்கள் ஓரமாகவே நின்றன. இதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபைகள் பணம் செலவிடுவதைத் தடுத்தது. வரி வாங்காத இடத்தில் வீதி போட முடியாது என்பது சபைகளின் வாதம். வாக்குப் போடும் மக்களுக்கு ஏன் வீதி இல்லை என்பது தொழிற்சங்கங்களின் கேள்வி. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது.

‘ட்ரஸ்ட்’ காலம்

மிகுதியான ஆவணங்கள் கிடைப்பது 1980களின் நடுப்பகுதி முதல் 2010 வரையான காலத்துக்காகும். நெதர்லாந்து, நோர்வே அரசுகளின் நன்கொடையில் அரச தோட்டங்களில் சமூகநல வேலைத்திட்டம் தொடங்கியது: லயங்களுக்குக் கூரை மாற்றுதல், மலசலகூடம், குழாய்நீர், பிள்ளைக்காம்பரா எனும் குழந்தைக் காப்பகம். 1992இல் தோட்ட முகாமை தனியார் பிராந்தியக் கம்பெனிகளுக்குக் கைமாறியது. சப்ரகமுவத் தோட்டங்கள் பலாங்கொடை, காவத்தை, கேகாலை, களனிப் பள்ளத்தாக்கு, ஹப்புகஸ்தென்ன முதலிய பெயர்களிலான கம்பெனிகளின்கீழ் வந்தன. அதே ஆண்டில் சமூகநலப் பணியைத் தனியே கவனிக்கப் பெருந்தோட்ட வீடமைப்பு, சமூகநல நிதியம் நிறுவப்பட்டது. அரசு, கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் சேர்ந்த அமைப்பு இது. 2002இல் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் மாறிற்று. தோட்ட மக்கள் இரண்டையும் ‘ட்ரஸ்ட்’ என்றே அழைக்கின்றனர். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகங்கள் உண்டு.

நிதி வழங்கியவை பல என்பதால் மதிப்பீட்டு முறைகளும் பலவாயின. ஆசிய அபிவிருத்தி வங்கி 1995இல் பெருந்தோட்டச் சீர்திருத்தத் திட்டத்துக்கும் 2002இல் பெருந்தோட்ட அபிவிருத்தித் திட்டத்துக்கும் கடன் வழங்கியது. முதலாவதில் ஜப்பானும் இணைந்து கடன் கொடுத்தது. வங்கி தன் வழக்கப்படி திட்ட நிறைவு அறிக்கை கேட்டது. ஜப்பானோ திட்டம் முடிந்து சில ஆண்டுகளின் பின் வெளியார் ஒருவரை அனுப்பிப் பின்மதிப்பீடு செய்து மதிப்பெண் இடுவதை வழமையாகக் கொண்டது. பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பின் உதவிக்குழு 1991இல் வகுத்த ஐந்து அளவுகோல்களே இவற்றுக்கு அடிப்படை: பொருத்தப்பாடு, வினைத்திறன், விளைதிறன், தாக்கம், நிலைபேறு. 2019இல் ஒத்திசைவு ஆறாவதாகச் சேர்க்கப்பட்டது. தோட்டத் திட்டங்கள் முதல் மூன்றில் எளிதாகத் தேறுபவை. கட்ட வேண்டிய வீடு கட்டப்பட்டது. போட வேண்டிய குழாய் போடப்பட்டது. இடறுவது ஐந்தாவதான நிலைபேற்றில்.

வீடுகள். 1990களில் காணித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டிச் சில தோட்டங்களில் பழைய லயத்தின் மேலேயே இன்னொரு தளம் எழுப்பப்பட்டது. மாடி லயம் எனப்பட்ட இவ்வீடுகள் செலவில் சிக்கனமானவை. நிறைவு அறிக்கையில் எண்ணிக்கை நன்றாகவே தெரியும். குடியேறிய பின் எழுந்த முறைப்பாடுகள் வேறு: மேலே தண்ணீர் சிந்தினால் கீழே ஒழுகும், மேலே நடந்தால் கீழே உறங்க முடியாது, கீரைப்பாத்தி போட, ஆடு கட்ட, கோழி வளர்க்க முற்றம் இல்லை. பாட்டன் காலத்து லயத்திலும் வாசலில் ஒரு முழம் மண் இருந்தது. இம்முறை பின்னர் கைவிடப்பட்டு, ஏழு பேர்ச் காணியில் தனிவீடும் இரட்டை வீடும் கட்டும் முறைக்கு நிதியம் மாறியது. மாடி லயத்தைக் கைவிடச் செய்தது மதிப்பீடுதானா, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பா, நிதி நின்றதா என்பது பற்றிப் பலவாறு கூறப்படுகிறது. மூன்றும் சேர்ந்தே அதைச் செய்திருக்கலாம்.

தனிவீட்டு முறையில் தொழிலாளர் கடன் பெற்று, உழைப்பைத் தாமே இட்டுக் கட்டினர். தோட்டத்துக்கொரு வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் கடனுக்குப் பொறுப்பேற்றது. தவணை செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் கழிக்கப்பட்டது. அத்திவாரம் வெட்டியவரும் கல் சுமந்தவரும் வீட்டுக்காரரே என்பதால் இவ்வீடுகள் நன்கு பராமரிக்கப்பட்டன என்பது பரவலான கருத்து. பூவரசு வேலி, வாசலில் துளசி, பின்புறம் சமையலறைக்கு ஒட்டுத்திண்ணை என்று குடும்பங்கள் தம் செலவிலேயே வீட்டை வளர்த்துக்கொண்டன. ஆயினும் உறுதிப்பத்திரம் வரவில்லை. நிலம் அரசுடையது, கம்பெனிக்கு 53 ஆண்டுக் குத்தகையில் உள்ளது, அதில் ஏழு பேர்ச்சை விடுவிக்க அமைச்சு, கம்பெனி, நில அளவைத் திணைக்களம் என மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும். கடன் அடைத்து முடித்தவரும் சட்டப்படி தோட்டத்தில் தங்கியிருப்பவராகவே இருந்தார். வீட்டுரிமை பற்றிய இந்தக் குறை ஒரு திட்டத்தின் படிப்பினையாகப் பதிவாகி, அடுத்த திட்டத்திலும் அப்படியே பதிவாகியது. எழுதியவர்கள் அறியாமல் இல்லை. அதைத் தீர்க்கும் அதிகாரம் ட்ரஸ்டுக்கும் இல்லை, கடன் கொடுத்த வங்கிக்கும் இல்லை.

பிள்ளைக்காம்பரா. முன்னர் மலைக்குப் போக முடியாத கிழவி ஒருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இருட்டறையாக இருந்தது இது. சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். தாய்மார் பால் கொடுக்க இடையில் ஓடி வருவர். சமூகநலத் திட்டங்களின்கீழ் இவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின: சன்னல் வைத்த கட்டடம், பயிற்சி பெற்ற பொறுப்பாளர், நிறை பார்க்கும் தராசு, வளர்ச்சி அட்டை, மதிய உணவு. தோட்டத் திட்டங்களில் ஏறத்தாழ எல்லாத் தரப்பும் வெற்றி என ஏற்றுக்கொள்வது இதையே. காரணம் எளிது. அந்தக் கட்டடத்தில் தினமும் ஒருவர் சம்பளத்துக்கு இருந்தார். பூட்டு உடைந்தாலும் ஓடு உடைந்தாலும் சொல்ல ஆள் இருந்தது. இருப்பினும் திறக்கும் நேரம் கொழுந்து மலையின் பிரட்டு (காலை ஆள்கணக்கு) நேரத்துக்கு ஏற்ப வகுக்கப்படும்போது, அதற்கு முன்பே பால் வெட்டப் போகும் தாய்க்கு அது உதவாது. இறப்பர் மிகுந்த கேகாலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை இது சிறிய விடயமன்று.

தண்ணீர். படிப்பினை ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர்ந்ததைத் தெளிவாகக் காணக்கூடிய துறை இது. உலக வங்கி உதவியுடன் 1990களில் நடந்த சமுதாய நீர்வழங்கல், சுகாதாரத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாவட்டங்கள் பதுளை, மாத்தறை, இரத்தினபுரி. அரசுப் பொறியியலாளர் வந்து குழாய் போட்டுவிட்டுப் போகும் பழைய முறைக்கு மாறாக, ஊர் மக்கள் சங்கம் அமைத்து, எந்த ஊற்று, எந்த வழி, எத்தனை குழாய் எனத் தாமே தீர்மானித்து, செலவில் ஒரு பங்கை உழைப்பாகவும் பணமாகவும் ஈடுசெய்து, பின்னர் பராமரிப்பையும் ஏற்றனர். பொருளியலாளர்கள் ஜொனாதன் ஐஷாமும் சது கஹ்கோனனும் இலங்கையிலும் இந்தியாவிலும் இத்தகைய நீர்த்திட்டங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை, வடிவமைப்பில் மக்கள் உண்மையாகப் பங்குபற்றிய ஊர்களில் பலன் கூடுதல் என்றும், ஏற்கெனவே கூடிச் செயற்படும் பழக்கமுள்ள ஊர்களில்தான் அத்தகைய பங்குபற்றல் எளிதில் அமைகிறது என்றும் கண்டது.

இங்கே தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. கிராமத்தில் ஊற்று ஊருடையது. தோட்டத்தில் அது மலைமேல் கம்பெனியின் குத்தகை நிலத்தில் உள்ளது. பீலியில் விழும் தண்ணீருக்கு அங்கு யாரும் காசு கொடுத்ததில்லை. தண்ணீர் தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்பது நூறாண்டு வழக்கம். அங்கே சங்கம் அமைத்து மாதக் கட்டணம் கேட்டபோது, நிர்வாகம் தன் கடமையை மக்கள் தலையில் கட்டுகிறது என்று ஒரு சாராரும், கட்டணம் கொடுப்பவருக்கே கேள்வி கேட்கும் உரிமை வரும் என்று மறுசாராரும் வாதிட்டனர். இரண்டிலும் நியாயம் இருந்தது. நடைமுறையில் நிகழ்வது பெரும்பாலும் இதுதான்: குழாய் திறந்த முதலாண்டில் எல்லாம் சரியாக இருக்கும், அடைமழையில் மண் இறங்கி மலைமேல் உள்ள தொட்டி அடைபடும், துப்புரவு செய்யச் சங்கத்தின் ஆளா, தோட்டத்தின் ஆளா போவது என்று பேச்சு நீளும், பெண்கள் பிரட்டுக்கு முன் குடத்தோடு மீண்டும் பழைய பீலிக்கரைக்கு நடப்பார்கள். கையில் குடம் இருக்கும் நேரத்தில் வந்து பார்க்கும் மதிப்பீட்டாளருக்கே இது தெரியும். பத்து மணிக்கு வாகனத்தில் வருபவருக்குக் குழாய் மட்டுமே தெரியும்.

வட ஆர்க்காட்டிலும் இலங்கையிலும் 1970களில் நடந்த வேளாண்மை ஆய்வில் பங்கேற்ற ராபர்ட் சேம்பர்ஸ், 1983இல் வெளியிட்ட தம் நூலில் இத்தகைய மேலோட்டமான பார்வையைக் கடுமையாகக் கண்டித்தார். தார்வீதிக்கு அருகில் உள்ளதையே பார்ப்பது, மழையில்லாத மாதத்தில் வருவது, ஆண்களிடமும் தலைவர்களிடமும் மட்டும் பேசுவது ஆகியவை வெளியாரின் பார்வையைத் திரிக்கின்றன என்பது அவர் முடிவு. சப்ரகமுவத் தோட்டத்தில் இதன் பொருள் விளங்கக் கடினமில்லை. தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் அருகிலுள்ள பிரிவே முதலில் திருத்தம் பெறும், பார்வையாளரும் அங்கேயே அழைத்துச் செல்லப்படுவர். ஆற்றுக்கு அப்பாலுள்ள பிரிவுக்குக் கால்நடையாகத்தான் போக வேண்டும்.

இரத்தினபுரியில் பெற்ற அனுபவம் பின்னர் ஆசிய அபிவிருத்தி வங்கியின் மூன்றாவது நீர்வழங்கல், சுகாதாரத் திட்டத்தில் கேகாலை உள்ளிட்ட மாவட்டங்களுக்குச் சென்றது. கட்டி முடித்தபின் சங்கங்களைத் தனியே விடக்கூடாது, தொழில்நுட்ப உதவிக்கு நிரந்தர அலுவலகம் வேண்டும் என்ற கருத்து திரும்பத் திரும்ப வலியுறுத்தப்பட்டு, 2014இல் தேசிய சமுதாய நீர்வழங்கல் திணைக்களம் உருவாயிற்று. 2015இல் உலக வங்கி 165 மில்லியன் டொலர் கடன் அனுமதித்த நீர்வழங்கல், சுகாதார மேம்பாட்டுத் திட்டம் இரத்தினபுரி, கேகாலை இரண்டையும் உள்ளடக்கிய ஏழு மாவட்டங்களில் நடந்தது. தோட்டப்பகுதி இம்முறை வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டது. ஒரு படிப்பினை திணைக்களமாக உருப்பெற ஏறத்தாழ இருபதாண்டு சென்றது.

பள்ளிகள்

1970களின் இறுதியிலிருந்து தோட்டப் பள்ளிகள் அரசிடம் வந்தன. சுவீடனின் சீடா நிறுவன உதவியில் 1980களின் நடுப்பகுதியில் ஆரம்பித்த தோட்டப் பள்ளி அபிவிருத்தித் திட்டம் பிற்கட்டங்களில் மத்திய மலைநாட்டுக்கு வெளியேயும் விரிந்தது. கட்டடத்தைவிட, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த இளைஞரை ஆசிரியராக்கியதே அதன் நிலைத்த பயன் என்பர். இதுபற்றி விரிவாக எழுதியவர் ஆஞ்சலா லிட்டில். அவரது நூல் 1999இல் வெளிவந்தது.

வறுமைக் கணக்கும் அதுபற்றிய சர்ச்சையும்

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரித்து வறுமையைக் கணிக்கிறது. தோட்டத்துறையில் வறியோர் வீதம் 1990/91இல் 20.5, 1995/96இல் 38.4, 2002இல் 30.0, 2006/07இல் 32.0. அடுத்த கணக்கெடுப்பான 2009/10இல் அது 11.4 ஆகவும் 2016இல் 8.8 ஆகவும் இறங்கியது. மூன்றாண்டில் மூன்றிலொன்றாகச் சுருங்கிய இவ்வீழ்ச்சியை அபிவிருத்தித் திட்டங்களின் வெற்றியாகக் கொள்வோர் உளர். கூலி உயர்வும் வெளியூர் வேலைக்குப் போன பிள்ளைகள் அனுப்பிய பணமுமே காரணம் என்போரும் உளர். அளவீட்டு முறையையே ஐயுறுவோரும் இருக்கின்றனர். 2019இல் புதிய வறுமைக் கோட்டின்படி கணித்தபோது தோட்டத்துறையின் வீதம் 33.8 என வந்தது; நாட்டின் சராசரி 14.3. கோடு மாறியதால் பழைய எண்களோடு இதை நேரடியாக ஒப்பிடலாகாது.

சப்ரகமுவவில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இருபது ஏக்கருக்குக் குறையாத, பத்துப் பேருக்குக் குறையாத குடியிருப்புத் தொழிலாளரைக் கொண்ட நிலமே புள்ளிவிபரத்தில் தோட்டம். தோட்டம் துண்டாடப்பட்டு அந்த அளவுக்குக் கீழே போனால், அதே லயத்தில் அதே குடும்பம் இருந்தாலும் கணக்கில் கிராமவாசியாகிவிடும். சிறு தோட்டங்கள் மிகுந்த இம்மாகாணத்தில், திட்டத்தால் பயன்பெற்றவரும் பயன்பெறாதவரும் இப்படிக் கணக்கிலிருந்து நழுவிப்போக இடமுண்டு.

தேசிய அமைப்புகள்

1999இல் இலங்கை மதிப்பீட்டுச் சங்கம் தோன்றியது. 2018இல் தேசிய மதிப்பீட்டுக் கொள்கைக்கு அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் பல நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் கலந்துகொண்ட மதிப்பீட்டு மாநாடு கொழும்பில் நடந்தது. தோட்டத்துறைக்கென 2006-2015 காலத்துக்கும் பின்னர் 2016-2020 காலத்துக்கும் தேசியச் செயற்திட்டங்கள் வகுக்கப்பட்டன. முதலாவதில் முடிக்கப்படாதவற்றுள் வீடும் காணியும் இரண்டாவதில் மீண்டும் முதலிடம் பெற்றன.

2016க்குப் பின்

2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் இரு பெரும் மண்சரிவுகள் நிகழ்ந்தன. அரநாயக்காவில் கிராமங்கள் புதையுண்டன. புலத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்தில் லயக் குடும்பங்கள் உயிரிழந்தன. அதன் பின்னர், வீடு எங்கே கட்டப்படுகிறது என்பதும் மதிப்பீட்டின் கேள்வியானது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாயச் சான்று இடத்தேர்வில் முக்கியத்துவம் பெற்றது. 2003இலும் 2017இலும் இரத்தினபுரியைத் தாக்கிய வெள்ளமும் மண்சரிவும், 2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா புயலும் இதை மேலும் உறுதிப்படுத்தின.

இந்திய அரசின் வீடமைப்புத் திட்டத்தில் தோட்டப்பகுதிக்கு முதலில் ஒதுக்கப்பட்ட 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களுக்குரியவை. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளில் சப்ரகமுவவுக்கும் இடமுண்டு. அவற்றின் முதற்கட்டம் 2024 பெப்ரவரியில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது.

மேற்கூறிய வங்கிகளும் நிறுவனங்களும் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுபவை. புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்படும் தோட்டங்களில், அதே தோட்டத்தில் முன்னர் நடந்த வீட்டு, நீர்த் திட்டங்களின் அறிக்கைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் சுருக்கி வீடமைப்புச் சங்கத்திடமும் நீர்ச் சங்கத்திடமும் கொடுப்பது அதிகாரசபையும் நிதியமும் உடனே செய்யக்கூடிய வேலை. அதைச் செய்ய வேண்டும்.